சரக்கு கைமாறும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

துறைமுகத்தில் ஒரு வகை விபத்து உண்டு. முதல் தடவை கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். கிரேன் கன்டெய்னரைத் தூக்கும்போது அதோடு சேர்ந்து லாரியும் மேலே போய்விடும், உள்ளே ஓட்டுநர் உட்கார்ந்திருக்க.

கன்டெய்னரின் மூலைகளை லாரியோடு பிணைத்து வைப்பது ‘ட்விஸ்ட் லாக்’ என்கிற திருகுப் பூட்டு. அதில் ஒன்று திறக்காமல் இருந்தால் போதும். ஓட்டுநர், கீழே நிற்கும் ஆள் திறந்திருப்பார் என்று நினைக்கிறார். அந்த ஆளோ, ஓட்டுநரே திறந்துகொண்டுதான் வந்திருப்பார் என்று நினைக்கிறார். உயரத்தில் இருக்கும் கிரேன் இயக்குநருக்குப் பூட்டு கண்ணுக்கே தெரியாது. மூவருமே வேலை தெரிந்தவர்கள்தான். ஆனால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை போகும் அந்த அரை நிமிடம் யாருடைய பொறுப்பிலும் இல்லை.

ஹெல்மெட், பூட்ஸ், ஒளிரும் சட்டை எல்லாம் வேண்டியவைதான். அவற்றைப் பற்றிய சுவரொட்டி ஒட்டாத சுவரே இல்லை. நான் இன்று பேச வந்தது அந்த அரை நிமிடத்தைப் பற்றி.

முதலில் எடை. கன்டெய்னருக்குள் இருப்பதைத் துறைமுகத் தொழிலாளி பார்ப்பதில்லை. காகிதத்தில் இருப்பதை நம்புகிறார். 2007 ஜனவரியில் ‘எம்எஸ்சி நாபோலி’ என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் புயலில் சிக்கி உடல் பிளந்தது. கப்பல் கட்டுமானத்தின் வலுக்குறைவுதான் அதில் பெரிய குறை. ஆனால் விசாரணையில் இன்னொன்றும் தெரியவந்தது. மேல்தளத்தில் இருந்த கன்டெய்னர்களில் நனையாத 660-ஐ எடுத்து நிறுத்துப் பார்த்தார்கள். 137-இல், சொன்ன எடைக்கும் உண்மையான எடைக்கும் 3 டன்னுக்கு மேல் வித்தியாசம்! 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த எடை இல்லாமல் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது சர்வதேச விதி. நல்ல விதிதான், ஆனால் அது மொத்த எடையை மட்டுமே கேட்கிறது. பாரம் உள்ளே எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்று கேட்பதில்லை. ஒரு பக்கம் கனத்த பெட்டி ரயில் வேகனில் ஏறினால், ஒரு பக்கச் சக்கரங்களின் மேல் பாரம் குறைந்துவிடும். தண்டவாளம் வளையும் இடத்தில் அந்தச் சக்கரம்தான் முதலில் தடம் விட்டு ஏறும்.

இனி ரயில் பக்கம் வருவோம். வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் யார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் முதல் எச்சரிக்கை காதைப் பற்றியது. எஞ்சின் சத்தம் போடும், தனியாக உருளும் வேகன் போடாது. இரும்புச் சக்கரம், இரும்புத் தடம். பல டன் பாரம் ஆளின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும் வரை தெரியாது. வேகன்களை இணைக்கும் கப்ளிங்கைப் போட இரண்டு வேகன்களுக்கு நடுவே நுழைபவரின் உயிர், அந்த வேகன்கள் அசையாது என்ற ஒரே நம்பிக்கையில் இருக்கிறது.

அசையாது என்று நம்பி விட்டுப்போன ஒரு ரயிலின் கதை இது. 2013 ஜூலை 5 இரவு, கனடாவின் கியூபெக் மாகாணத்தில், கச்சா எண்ணெய் நிரம்பிய 72 டேங்கர் வேகன்களோடு ஒரு சரக்கு ரயிலைச் சரிவான தடத்தில் நிறுத்தினார் ஓட்டுநர். 7 ஹேண்ட்பிரேக் போட்டார். அவை தாங்குகின்றனவா என்று சோதித்தும் பார்த்தார். ஆனால் சோதிக்கும்போது எஞ்சின்களின் காற்று பிரேக்கும் போட்டபடியே இருந்தது. அதனால் ஹேண்ட்பிரேக் மட்டும் தாங்குமா என்பது தெரியாமலே போனது. குறைந்தது 17 வேண்டியிருந்தது என்று பிறகு விசாரணை சொன்னது.

அவர் போன பிறகு எஞ்சினில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து, முறைப்படி எஞ்சினை நிறுத்தித் தீயை அணைத்தார்கள். எஞ்சின் நின்றதால் பிரேக்குக்குக் காற்று அனுப்ப ஆளில்லை. காற்று மெல்லக் கசிந்தது. நள்ளிரவு தாண்டியதும் ரயில் தானாக உருளத் தொடங்கி, லாக்-மெகான்டிக் ஊருக்குள் தடம்புரண்டு எரிந்தது. 47 பேர் இறந்தார்கள். ஓட்டுநர், தீயணைப்பு வீரர்கள், சம்பவ இடத்துக்கு வந்த ரயில்வே ஊழியர், தொலைவிலிருந்த கட்டுப்பாட்டாளர் என்று இத்தனை பேர் அந்த ரயிலைக் கைமாற்றிக்கொண்டார்கள். அந்த எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததே எதைப் பிடித்து நிறுத்த என்று யாரும் கேட்கவில்லை.

இதற்கு என்ன செய்வது? பேச்சிலிருந்து ஆரம்பிக்கலாம். வாக்கி-டாக்கியில் ‘ஓகே, ஓகே’ என்பதைப் போல ஆபத்தான சொல் எனக்குத் தெரிந்து வேறில்லை. எந்தத் தடம், எந்த வேகன், எத்தனை மீட்டர் என்று சொல்ல வேண்டும். கேட்டவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். ரயிலைப் பின்னுக்குத் தள்ளும்போது தூரம் சொல்லும் குரல் நின்றுபோனால், எஞ்சின் ஓட்டுநர் காரணம் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே வண்டியை நிறுத்த வேண்டும்.

சிரமம் என்னவென்றால், கப்பல் பக்கம் ஒரு நிர்வாகம், ரயில் பக்கம் இன்னொன்று, நடுவில் ஒப்பந்தக்காரர், அவர் கீழே இன்று காலைதான் வேலைக்கு வந்தவர். நால்வருக்கும் நான்கு விதி. தப்பிப் பிழைத்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் ‘யார் செய்தது?’ என்று முதலில் கேட்கும் மேலாளரிடம், அடுத்த சம்பவத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் பதிவேட்டில் எல்லாம் சுத்தமாக இருக்கும்.

பூட்டு முறை ஒன்று உண்டு. தடத்தில் பழுதுபார்க்கும் குழு, அந்தத் தடத்துக்கு வண்டி திரும்பாதபடி, தடம் பிரியும் இடமான பாயிண்டில் தன் பூட்டைப் போடும். சாவி போட்டவரிடமே இருக்கும். நான் பார்த்த ஒரு யார்டில், குழுத் தலைவர் வேலை முடிந்ததும் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ரயில் காத்து நின்றது. பூட்டை உடைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. பணியிலிருந்த ஷண்டிங் மாஸ்டர் மறுத்துவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து அந்த மனிதரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டி வந்தார்கள். எல்லோரும் திட்டினார்கள். அவர் யாரிடமும் எதுவும் பேசாமல் டார்ச்சை வாங்கி, தடத்தில் அந்தக் கோடி வரை நடந்துபோய்ப் பார்த்தார். திரும்பி வந்து, தன் ஆட்கள் ஆறு பேருக்கும் போன் போட்டு ஒவ்வொருவரும் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகு பூட்டைத் திறந்தார்.

நன்றி, வணக்கம்.