தோளை உதைக்காத தோட்டா

வணக்கம். இன்று வெளியே போகவில்லை. கொலராடோவில் காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டே இருக்கிறது, அதனால் சமையலறை மேசையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட, சுடும்போது தோளை அதிகம் உதைக்காத தோட்டா எது என்று இன்று பார்ப்போம். மூன்று தோட்டாக்கள் நிற்கின்றன, தெரிகிறதா? இடது ஓரத்தில் 243 வின்செஸ்டர். நடுவில் 7 மி.மீ.-08 ரெமிங்டன். வலது ஓரத்தில் தடித்த சுருட்டு மாதிரி நிற்கிறதே, அது 300 மேக்னம்.

அந்தச் சுருட்டிலிருந்தே தொடங்குகிறேன், என் முட்டாள்தனமும் அங்கேதான் தொடங்கியது. முதன்முதலாக எல்க் வேட்டைக்கு உரிமம் கிடைத்த ஆண்டு அது. நம் ஊர்க் கடமானை, தெற்கே மிளா என்பார்களே, அதைப் பார்த்தவர்களுக்கு எல்க்கின் உருவம் சட்டென்று புரியும். வளர்ந்த ஆண் சுமார் 700 பவுண்டு, அதாவது 320 கிலோ நிற்கும். “இவ்வளவு பெரிய உடம்புக்குப் பெரிய தோட்டா வேண்டாமா?” என்றார் கடைக்காரர். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மலையேற வசதியாக இருக்கட்டும் என்று எடை குறைந்த ரைஃபிளாகவும் பார்த்து வாங்கினேன். மூன்றாவது முறை சுட்டபோதே ரைஃபிள் பின்னால் உதைத்து, அதன் மேலிருந்த தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தில் பதிந்துவிட்டது. இதோ, இந்தத் தழும்பு.

புருவம் பத்து நாளில் ஆறிவிட்டது. பயம் மட்டும் உள்ளே தங்கிவிட்டது, அது தங்கியிருப்பதே எனக்குத் தெரியவில்லை. பயிற்சித் திடலில் ஒரு நண்பர் எனக்குத் தெரியாமல் வெடிமருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை ரைஃபிளில் போட்டுக் கொடுத்தார். விசையை அழுத்தினேன். “டக்” என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் வெடிக்காத அந்த ரைஃபிளின் குழல்முனை நான்கு விரற்கடை கீழே குத்தியது, என் கண்கள் இறுக மூடியிருந்தன. நண்பர் சிரிக்கவில்லை. “இப்படித்தான் ஒவ்வொரு முறையும் சுடுகிறாய்” என்றார்.

இந்த உதை எங்கிருந்து வருகிறது? குண்டு முன்னே பாய்ந்தால் ரைஃபிள் பின்னே வந்தே ஆக வேண்டும். குண்டோடு சேர்ந்து வெடிமருந்தும் வாயுவாகி முன்னே சீறுகிறது என்பதைத்தான் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. குண்டையும் மருந்தையும் கிரெய்ன் என்ற சிறிய எடை அளவில் சொல்வார்கள். 7 மி.மீ.-08இல் 140 கிரெய்ன் குண்டு, 40 கிரெய்னுக்குச் சற்று மேல் மருந்து. மேக்னத்தில் 180 கிரெய்ன் குண்டு, 70 கிரெய்னுக்கு மேல் மருந்து. எட்டுப் பவுண்டு ரைஃபிளில் முதலாவதன் உதை 12, 13 அடி-பவுண்டு (ஆற்றலின் அளவு). மேக்னத்தில் அது 25ஐத் தாண்டும். இடையில் 30-06 என்ற பழைய தோட்டா சுமார் 20இல் நிற்கும். எந்தத் தோட்டாவையும் எட்டுக்குப் பதில் ஆறு பவுண்டு ரைஃபிளில் போட்டால் உதை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். நான் செய்ததைப் பாருங்கள்: தோட்டாவைப் பெரிதாக்கி, ரைஃபிளை இலேசாக்கி, இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டேன்.

சரி, 243. 1955இல் வந்தது, உதை ஒன்பது அடி-பவுண்டு அளவில்தான் இருக்கும். மானுக்கு அருமையான தோட்டா. எல்க்குக்கு? கொலராடோ விதிப்படி குழலின் விட்டம் 24 காலிபருக்கு, அதாவது 0.24 அங்குலத்துக்கு, குறையக் கூடாது, குண்டு குறைந்தது 85 கிரெய்ன் இருக்க வேண்டும், 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும். 243 இதையெல்லாம் தாண்டிவிடும். ஆனாலும் முதல் எல்க்குக்குப் போகிறவருக்கு நான் அதைக் கொடுக்க மாட்டேன். கோணம் கொஞ்சம் தவறித் தோள் எலும்பில் பட்டால் ஈடுகொடுக்க அதில் மிச்சம் அதிகமில்லை.

என் கை போவது நடுவில் இருப்பதற்கே. 308 என்ற தோட்டாவின் கழுத்தைச் சுருக்கிச் செய்ததுதான் இது, ரெமிங்டன் 1980இல் வெளியிட்டது. குணத்தில் பழைய 7x57 மவுசரின் உடன்பிறப்பு. அந்த மவுசர் தோட்டாவை ஆங்கிலேயர்கள் 275 ரிக்பி என்றார்கள். 1907இல் இமயமலை அடிவாரச் சம்பாவத்தில் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்த ரைஃபிள் அந்த 275தான். 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவும் உதையில் ஏறக்குறைய இதே அளவு, அதை வைத்திருப்பவர்கள் மாற்ற வேண்டியதில்லை. ஸ்வீடன்காரர்கள் எல்க்கைவிடப் பெரிய மூஸ் மானை 6.5x55 தோட்டாவால் நூறு ஆண்டுக்கும் மேலாகச் சுட்டு வருகிறார்கள்.

ஆனால் மென்மையான தோட்டாவை எடுத்துக்கொண்டு குண்டில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். மானுக்குப் போதுமான மலிவு குண்டு எல்க்கின் தோளில் நொறுங்கிவிடலாம். உறையும் ஈயமும் பிரியாமல் ஒட்டவைத்த குண்டு, இல்லாவிட்டால் முழுச் செம்புக் குண்டு, 140 கிரெய்ன். குறி பார்க்க வேண்டியது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடலின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். 300 கெஜத்துக்கு அப்பால் நான் சுடுவதில்லை.

குழல்முனையில் உதை குறைக்கும் துளைபோட்ட சிறு குழாய் (மசில் பிரேக்) மாட்டலாமே என்பார்கள். உதை குறையும், உண்மைதான். ஆனால் சத்தம் காதைக் கிழிக்கும், பக்கத்தில் நிற்பவர் உங்களைச் சபிப்பார். அதற்கு முன் பின்கட்டை உங்கள் கை நீளத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள், நல்ல ரப்பர் மெத்தை போடுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு: மலையடிவாரச் சிற்றூர்க் கடைகளில் 30-06 எளிதாகக் கிடைக்கும், 7 மி.மீ.-08 கிடைக்காமல் போகலாம். இரண்டு பெட்டி கையோடு எடுத்துப் போங்கள்.

கடந்த அக்டோபரில் ஒரு பெண் எல்க், 170 கெஜம். உதைத்ததா என்றே நினைவில்லை, கண் திறந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. நாற்பது அடி நடந்து விழுந்தது. இறைச்சியைச் சாலைக்குக் கொண்டுவர நானும் அதே நண்பரும் ஆளுக்கு மூன்று நடை சுமந்தோம். அடுத்த முறை சாலைக்குப் பக்கத்தில் நிற்கிற எல்க்காகப் பார்த்துச் சுடு என்கிறார் அவர்.