உதவப் போகாதீங்க, பார்க்கப் போங்க

தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். ஆப்பிரிக்காவுல ஒரு ஆஸ்பத்திரிக்கு வாலண்டியரா போகணும்னு உங்கள்ல நிறைய பேருக்கு ஆசை இருக்கு, நல்ல ஆசைதான், ஆனா எல்லாரும் "போய் என்ன உதவி பண்ணலாம்"னுதான் கேக்குறீங்க, அந்தக் கேள்வியைத்தான் மாத்தணும்னு சொல்ல வந்திருக்கேன்.

நான் மெடிக்கல் ஸ்டூடண்டா இருந்தப்போ போனது மலாவி. ப்ளான்டயர்ல குயின் எலிசபெத் சென்ட்ரல் ஹாஸ்பிட்டல், ஊர்க்காரங்க குயீன்ஸ்னு சொல்லுவாங்க, பெரிய கவர்மென்ட் ஆஸ்பத்திரி. நவம்பர் வாக்குல மழை ஆரம்பிக்கும், பின்னாடியே மலேரியா, குழந்தைங்க வார்டுல ஒரே பெட்ல ரெண்டு மூணு பேர்கூட படுத்திருப்பாங்க.

காலையில ஒரு அம்மா ரெண்டு வயசுப் பையனைத் தோள்ல போட்டுட்டு ஓடி வந்தாங்க, ராத்திரி முழுக்க ஃபிட்ஸ், இப்ப கூப்பிட்டா கண்ணே திறக்கல. பெரியவங்கன்னா நினைவு எவ்வளவு இருக்குன்னு அளக்குற கிளாஸ்கோ ஸ்கோர் போடுவோம், பேரு என்ன, இப்ப எங்க இருக்கீங்கன்னு கேப்போம், பேச்சே சரியா வராத குழந்தைகிட்ட அதைக் கேட்டு என்ன பிரயோஜனம்? அதுக்காகவே 1980கள்ல இதே ஊர்ல டெர்ரி டெய்லர், மால்கம் மோலினக்ஸ்னு ரெண்டு டாக்டருங்க உருவாக்குனதுதான் ப்ளான்டயர் கோமா ஸ்கேல். புக்ல நாம படிக்கிறது, அங்க கண்ணு முன்னாடி நடந்துச்சு. அந்த அம்மாவைக் குனியச் சொல்லி, அவங்க முகத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தச் சொன்னாங்க, பையன் கண்ணு அம்மா முகத்தைத் தொடர்ந்து போகுதான்னு பார்த்தாங்க. போகல. பென்சிலை நகத்து மேல வச்சு அழுத்துனாங்க, கையை இழுத்துக்கிட்டான், லேசா முனகுனான். கண்ணுக்கு 0, முனகலுக்கு 1, கைக்கு 1, மொத்தம் 5-க்கு 2. அப்படின்னா கோமா. உடனே விரல்ல குத்தி சுகர் பார்த்தாங்க, குறைஞ்சிருந்துச்சு, டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரைத் தண்ணி ஏத்திட்டு, மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டாங்க.

முன்னாடி எல்லாம் இந்த மாதிரி மலேரியாவுக்கு குயினைன் மருந்துதான், 9 ஆப்பிரிக்க நாடுகள்ல 5,425 குழந்தைங்களை வச்சு நடந்த ஆய்வு 2010-ல வந்துச்சு, குயினைன் போட்டவங்கள்ல 10.9 சதவீதம் இறந்தாங்க, ஆர்ட்டிசுனேட் போட்டவங்கள்ல 8.5. அந்த வித்தியாசம் எத்தனை வீட்டுப் பிள்ளைங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

இதையெல்லாம் செஞ்சது எம்பிபிஎஸ் டாக்டர் இல்ல, கிளினிக்கல் ஆஃபீசர். மூணு வருஷப் படிப்பு, அப்புறம் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். அந்த நாட்டு மாவட்ட ஆஸ்பத்திரிகள்ல சிசேரியன்ல பெரும்பகுதி இவங்க கையாலதான் நடக்குது. ஃபைனல் இயர் ஸ்டூடண்டுக்கு அவங்க முன்னாடி நின்னு சொல்லிக்கொடுக்க என்ன இருக்கு சொல்லுங்க?

மத்தியானம் சும்மா வெளிய வந்து பார்த்தேன். ஒவ்வொரு நோயாளி கூடவும் வீட்டுல இருந்து ஒருத்தர் வந்திருப்பாங்க, கார்டியன்னு சொல்லுவாங்க, சோறு ஆக்குறது, குளிப்பாட்டுறது, துணி துவைக்கிறது எல்லாம் அவங்கதான். மக்காச்சோள மாவை அடுப்புல கிளறி என்சீமா பண்ணிட்டு இருந்தாங்க. ராத்திரி ஒரு நர்ஸுக்கு அத்தனை பெட் இருக்கறப்போ, மூச்சு மாறுனா முதல்ல கவனிச்சு ஓடி வர்றதும் இவங்கதான், இவங்க இல்லாம அந்த வார்டு ஒரு நாள்கூட ஓடாது, ஆனா எந்தக் கணக்குலயும் இவங்க பேர் வராது. எனக்கு இன்னைக்கும் இது மனசைப் பிசையுற விஷயம்.

அதனால போகணும்னு நினைக்கிறவங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடி விசாரிங்க. யார் கூட நிக்கப் போறோம், என்னென்ன தொடக்கூடாது, அங்க படிக்கிற ஸ்டூடண்டோட வாய்ப்பை நாம பிடுங்குறோமா, எல்லாத்தையும் கேளுங்க. வந்த அன்னைக்கே தையல் போடலாம், பிரசவம் பார்க்கலாம்னு எவனாவது ஆசை காட்டுனா அந்தப் பக்கமே போகாதீங்க, இங்க நம்ம வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஒருத்தரைக் கை வைக்க விடுவோமா? குழந்தைங்களை போட்டோ எடுக்காதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி அந்த ஊர் பாஷை சிச்சேவா கொஞ்சமாவது பேசக் கத்துக்குங்க, மலேரியா மாத்திரையை ஊர் திரும்புன பிறகும் சொன்ன நாள் வரைக்கும் போடுங்க. கேள்வி இருந்தா இப்ப கேக்கலாம்.