பேசில் டேவிட்சனின் ஆப்பிரிக்கா: எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

[திரையில்: ஆப்பிரிக்காவின் வரைபடம், நாட்டு எல்லைக்கோடுகள் இல்லாமல்]

வணக்கம். 1963-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் ஒரு தொடர் உரை நிகழ்த்தினார். ஆப்பிரிக்காவில் இருப்பது ஐரோப்பியர்களின் வரலாறு மட்டும்தான், மற்றது பெரும்பாலும் இருட்டு, இருட்டைப் பற்றி வரலாறு எழுத முடியாது என்று அதில் சொன்னார். உரை டிவியிலும் ஒளிபரப்பானது.

அவர் இதைச் சொன்னபோது கானா சுதந்திரம் அடைந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. நைஜர் ஆற்று டெல்டாவின் வணிகம், அரசியல் பற்றி நைஜீரிய வரலாற்றாசிரியர் கென்னத் டிக்கே எழுதிய ஆய்வு நூல் வந்து ஏழு வருடம். 16 வயதில் பள்ளியை விட்டு நின்ற ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளர் எழுதிய ‘ஓல்டு ஆப்பிரிக்கா ரீடிஸ்கவர்டு’ என்ற நூல் வந்து நான்கு வருடம். அதாவது, பதில் முன்கூட்டியே அச்சாகிக் கடையில் கிடைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பத்திரிகையாளர் பேசில் டேவிட்சன். 1914-இல் பிரிஸ்டலில் பிறந்தார், 2010-இல் காலமானார். முப்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். அத்தனையையும் இங்கே பார்க்கப் போவதில்லை. முக்கியமான சிலவற்றை, அவை வெளிவந்த வரிசையில் பார்க்கலாம். வரிசையை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. தனித்தனியாகப் படித்தால் தகவல் கிடைக்கும். வரிசையாகப் படித்தால், ஒரு மனிதர் முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரே கேள்வியைத் துரத்தியது தெரியும்: ஆப்பிரிக்கர்கள் தங்களைத் தாங்களே ஆண்ட காலத்தில் சேர்த்துவைத்த அறிவு என்ன, அது எங்கே போனது?

[திரையில்: இளம் டேவிட்சனின் புகைப்படம்]

அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வேலை, கடை ஜன்னல்களில் வாழைப்பழ விளம்பரம் ஒட்டுவது. பிறகு பத்திரிகை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ரகசியப் படையில் சேர்ந்து, 1943-இல் பாராசூட்டில் போஸ்னியாவில் இறங்கி யூகோஸ்லாவியக் கெரில்லாக்களோடு இருந்தார். வட இத்தாலியிலும் சண்டை போட்டார். போர் முடிந்ததும் தென்னாப்பிரிக்காவுக்குப் போய், அங்கே நிறவெறி ஆட்சியைக் கண்டு 1952-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதற்குப் பிறகு அந்த நாடு அவரை உள்ளே விடவில்லை. யூகோஸ்லாவியாவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சரி, 1959-க்கு வருவோம். ‘ஓல்டு ஆப்பிரிக்கா ரீடிஸ்கவர்டு’ அமெரிக்காவில் ‘தி லாஸ்ட் சிட்டீஸ் ஆஃப் ஆப்பிரிக்கா’ என்ற பெயரில் வந்தது. ஐரோப்பியர்கள் காலனி பிடிப்பதற்கு முன்பு அங்கே என்ன இருந்தது என்பதுதான் பொருள். நைல் கரையின் மெரோவே, மேற்கே பழைய கானா (இன்றைய கானா நாடு அல்ல), மாலி, சோங்காய் பேரரசுகள், கிழக்குக் கடற்கரைத் துறைமுக நகரங்கள், தெற்கே கிரேட் ஜிம்பாப்வே.

[திரையில்: கிரேட் ஜிம்பாப்வேயின் பெரிய சுற்றுமதில்]

இந்த மதிலைப் பாருங்கள். சில இடங்களில் 11 மீட்டர் உயரம். சுற்றளவு சுமார் 250 மீட்டர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து கிடையாது. கருங்கல்லைச் செங்கல் அளவுக்கு உடைத்து, வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். 11-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரை இங்கே வாழ்ந்தவர்கள், இன்றைய ஷோனா மக்களின் முன்னோர்.

இதை ஒப்புக்கொள்ள ஐரோப்பியர்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பது தனிக்கதை. 1871-இல் கார்ல் மௌக் என்ற ஜெர்மானியர் இங்கே வந்தார். கட்டடத்தில் இருந்த மரத்துண்டு ஒன்றை வெட்டி எடுத்து, தன் பென்சிலின் மரத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தன. பென்சில் தேவதாரு மரம், தேவதாரு லெபனானிலிருந்துதான் வரும், லெபனான் மரத்தில் கட்டியவர் சாலமன் மன்னர், ஆகவே இது ஷீபா அரசியின் மாளிகை என்று முடிவு கட்டிவிட்டார். உண்மையில் அது அந்தப் பக்கத்துக் காட்டு மரம்.

அடுத்து, அப்போது ரொடீசியா என்று அழைக்கப்பட்ட இந்த நாட்டை ஆண்ட வெள்ளையர்கள் ரிச்சர்டு ஹால் என்பவரை இடத்தின் பொறுப்பாளராகப் போட்டார்கள். ஆப்பிரிக்கர்கள் பின்னாளில் வந்து சேர்த்த குப்பை என்று சொல்லி, பல அடி ஆழத்துக்கு மண்ணை வாரி வெளியே கொட்டினார் அவர். அந்த மண்ணில்தான் வரலாறு இருந்தது. 1905-இல் ராண்டல்-மக்கைவர் தோண்டிப் பார்த்து, இது ஆப்பிரிக்கர்களின் கட்டடம் என்றார். 1929-இல் கெர்ட்ரூடு கேட்டன்-தாம்சன் இன்னும் கவனமாகத் தோண்டி அதையே உறுதிப்படுத்தினார். அதற்குப் பிறகும் ரொடீசிய அரசு 1970-கள் வரை ‘மர்மம்’ என்றே பேசிக்கொண்டிருந்தது. ஏன் என்று ஊகிப்பது கடினமில்லை. ஆப்பிரிக்கர்கள் இதைக் கட்டினார்கள் என்றால், அவர்களுக்கு ஆளத் தெரியாது என்ற வாதம் நிற்காது. 1980-இல் அந்த நாடு விடுதலை பெற்றபோது, இந்த இடத்தின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது.

டேவிட்சன் தோண்டியவர் அல்ல. தோண்டியவர்களின் அறிக்கைகள் நூலக அலமாரிகளில் கிடந்தன. அவற்றை ஒன்றுசேர்த்து, பஸ்ஸில் போகிறவரும் படிக்கும் மொழியில் எழுதினார். அது சின்ன வேலை என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஹாலின் கட்டுக்கதை எளிய மொழியில் பரவியது. கேட்டன்-தாம்சனின் உண்மையும் எளிய மொழியில் பரவ வேண்டியிருந்தது.

இதே நூலில் இந்தியப் பெருங்கடல் பற்றிய பகுதிகள் நமக்கு இன்னும் நெருக்கமானவை. இன்றைய டான்சானியாவில் இருக்கும் கில்வா நகரத்துக்கு 1331-இல் மொராக்கோப் பயணி இப்னு பதூதா போனார், அழகான ஊர் என்று எழுதினார். ஜிம்பாப்வேயின் தங்கம் அந்தக் கரைக்கு வந்தது. பதிலுக்குக் குஜராத் துணியும் இந்தியக் கண்ணாடி மணிகளும் சீனப் பீங்கானும் உள்ளே போயின. அரிக்கமேட்டில் 1945-இல் அகழாய்வு நடத்திய மார்டிமர் வீலர், பத்து வருடம் கழித்து இந்தக் கரைக்குப் போனார். 10-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு இங்கே புதைந்திருக்கும் வரலாறு சீனப் பீங்கானில் எழுதப்பட்டிருக்கிறது என்று சொன்னார். 1505-இல் போர்ச்சுகீசியக் கப்பற்படை வந்து கில்வாவைச் சூறையாடியது.

நூலில் பலவீனமும் உண்டு. இரும்பு உருக்கும் கலை மெரோவேயிலிருந்துதான் ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது என்ற அந்தக் காலக் கருத்தை டேவிட்சன் நம்பினார். இன்று அது பெரும்பாலும் கைவிடப்பட்ட கருத்து. அதனால் அந்தப் பகுதியைப் படிக்கும்போது புதிய ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: 1526 என்ற ஆண்டு மட்டும்]

1961-இல் ‘பிளாக் மதர்’ வந்தது. அடிமை வணிகம் பற்றியது. இதில் என்னை உலுக்கிய பகுதி காங்கோ அரசரின் கடிதங்கள்தான். ந்சிங்கா ம்பெம்பா என்பது அவருடைய பிறந்த பெயர். கிறிஸ்தவராகி அஃபோன்சோ என்ற பெயரில் ஆண்டார். போர்ச்சுகீசிய மொழியில் எழுதத் தெரிந்தவர். 1526-இல் போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜுவாவுக்கு எழுதுகிறார்: உங்கள் வணிகர்கள் தினமும் எங்கள் மக்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், இந்த மண்ணின் பிள்ளைகளை, பிரபுக்களின் பிள்ளைகளை, எங்கள் உறவினர்களைக்கூட. நாடு காலியாகிறது. எங்களுக்குப் பாதிரியார்களும் சில ஆசிரியர்களும் போதும், வழிபாட்டுக்கு வேண்டிய திராட்சை ரசமும் மாவும் தவிர வேறு சரக்கு வேண்டாம்.

ஒரு அரசர் இன்னொரு அரசரைச் சகோதரர் என்று அழைத்து எழுதிய கடிதம் இது. இரண்டு நாடுகளும் சமமாகப் பேசிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது, அடிமை வணிகம் அதைத் தின்றது என்பதுதான் டேவிட்சனின் வாதம். ஆப்பிரிக்க அரசர்கள் சிலர் அதில் கூட்டாளிகளாக இருந்ததையும் அவர் மறைக்கவில்லை. துப்பாக்கி இல்லாத அரசு பக்கத்து அரசிடம் தோற்கும், துப்பாக்கிக்கு விலையாக ஐரோப்பியர் கேட்டது மனிதர்களை. இந்தச் சுழல் எப்படி இறுகியது என்பதைக் காங்கோ, பெனின், கிழக்குக் கரை என்று மூன்று இடங்களில் காட்டுகிறார். எண்ணிக்கை விஷயத்தில் மட்டும் இந்த நூலை நம்ப வேண்டாம். அப்போது ஊகங்கள்தான் இருந்தன. பின்னாளில் கப்பல் பதிவேடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, அட்லாண்டிக் கடலில் சுமார் 1.25 கோடிப் பேர் கப்பலேற்றப்பட்டார்கள். சுமார் 1.07 கோடிப் பேர்தான் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

1964-இல் ‘தி ஆப்பிரிக்கன் பாஸ்ட்’. இது தொகுப்பு நூல். பயணிகள், வணிகர்கள், மாலுமிகள் எழுதிய பழைய குறிப்புகளைக் காலவரிசையில் கொடுத்திருக்கிறார். ஸ்பெயினை விட்டு வெளியே போகாமலே, பயணிகளைக் கேட்டுக் கேட்டு 11-ஆம் நூற்றாண்டில் கானா பேரரசைப் பற்றி எழுதிய அல்-பக்ரி இதில் வருகிறார். 1352-இல் மாலிக்குப் போன இப்னு பதூதா வருகிறார். மன்னர் பெரிய பரிசு அனுப்புவார் என்று அவர் காத்திருக்க, வந்தது மூன்று ரொட்டி, ஒரு துண்டு மாட்டிறைச்சி, கொஞ்சம் தயிர். மனிதர் கடுப்பாகிவிட்டார். ஆனால் அதே மனிதர்தான், மாலியில் வழிப்பறி பயமில்லாமல் பயணம் செய்யலாம், அநியாயம் அங்கே அரிது என்றும் எழுதினார். புகழ வேண்டிய அவசியம் இல்லாதவர் சொல்வதால் அந்தச் சாட்சிக்கு எடை கூடுகிறது.

அப்புறம் கானா ஆசிரியர் எஃப். கே. புவாவோடு சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்க வரலாற்றுப் பாடநூல், 1969-இல் மக்களின் நம்பிக்கைகளையும் சமூக ஒழுங்கையும் பற்றி ‘தி ஆப்பிரிக்கன்ஸ்’, 1984-இல் எட்டுப் பகுதி டிவி தொடர். இவற்றை இங்கே விரிக்கவில்லை.

[திரையில்: கினி-பிசாவ் காடு, ஆற்றுக் கழிமுகம்]

1960-களின் பிற்பகுதியில் டேவிட்சன் போர்ச்சுகீசியக் காலனிகளின் விடுதலைப் போராளிகளோடு நடந்தார். 1967-இல் கினி-பிசாவ். 1970-இல் அங்கோலா. ‘தி லிபரேஷன் ஆஃப் கினே’ நூலுக்கு அந்த இயக்கத்தின் தலைவர் அமில்கார் கப்ரால் முன்னுரை எழுதினார். கப்ரால் 1973 ஜனவரியில் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் கினி-பிசாவ் தன் விடுதலையை அறிவித்தது.

இந்த நூல்களில் டேவிட்சன் சார்புள்ளவர். கெரில்லாக்களை நேசித்தார், அவர்கள் ஆளப் போகும் நாடு நல்ல நாடாக இருக்கும் என்று நம்பினார். நடந்தது வேறு. 1980-இல் கினி-பிசாவில் ராணுவப் புரட்சி. அங்கோலாவில் உள்நாட்டுப் போர் 2002 வரை நீண்டது. வெற்றிக்குப் பிறகு என்ன ஆகும் என்று அவர் அப்போதே கடுமையாகக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்தக் கேள்வியை அவர் 1992-இல் கேட்டார். நூல் ‘தி பிளாக் மேன்ஸ் பர்டன்’. அப்போது அவருக்கு 77 வயது. அவருடைய நூல்களில் சிறந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வாதம் இதுதான். 1884–85 பெர்லின் மாநாட்டுக்குப் பின் வந்த இருபது, முப்பது வருடங்களில் ஐரோப்பியர்கள் தங்கள் வசதிக்குக் கோடு போட்டார்கள். விடுதலை வந்தபோது தலைவர்கள் அந்தக் கோடுகளையும், கோடுகளுக்குள் காலனி அரசு வைத்திருந்த நிர்வாகத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1964-இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு அந்த எல்லைகளை ஏற்றுத் தீர்மானமும் போட்டது. ஆனால் ஆள்வது எப்படி என்று ஆப்பிரிக்காவுக்கு ஏற்கெனவே தெரியும். இன்றைய கானா நாட்டில் இருந்த அசாந்தே அரசை எடுத்துக்கொள்கிறார். அங்கே அரசருக்கும் வரம்பு உண்டு. குலத் தலைவர்களின் சபையைக் கேட்காமல் ஆள முடியாது. மீறினால் பதவியிலிருந்து இறக்கலாம். 1871-இல் அதே நாட்டின் கடற்கரைப் பக்கத்து ஃபாந்தே மக்கள் மான்கெசிம் என்ற ஊரில் கூடி எழுத்தில் ஒரு அரசியல் சாசனமே செய்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் அந்தத் தலைவர்களைக் கைது செய்தார்கள். இந்த அனுபவத்தையெல்லாம் ‘பழங்குடிப் பழக்கம்’ என்று ஒதுக்கிவிட்டு, மக்களுக்குப் பதில் சொல்லாத காலனி நிர்வாகத்தின் மேல் புதுக்கொடி ஏற்றியதுதான் தவறு என்கிறார்.

இங்கேதான் யூகோஸ்லாவியா வருகிறது. ஒரே இனம், ஒரே நாடு என்ற ஐரோப்பிய மாதிரி ஐரோப்பாவிலேயே என்ன செய்தது என்று காட்ட, கிழக்கு ஐரோப்பாவையும் பால்கன் பகுதியையும் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் வைக்கிறார். நூல் வெளியான 1992-இல்தான் போஸ்னியாவில் போர் வெடித்தது. தான் இளைஞனாகப் பாராசூட்டில் இறங்கிய மண் உடைவதைப் பார்த்தவரின் எழுத்து அது. ஆப்பிரிக்காவின் சிக்கலை ‘இனக்குழுச் சண்டை’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கிற செய்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த ஒப்பீடு கண்ணைத் திறக்கும்.

நான் இதை முழுக்க ஏற்கவில்லை. பழைய அரசுகளில் அடிமைகளும் இருந்தார்கள். அசாந்தேயின் செல்வத்தில் அவர்களுடைய உழைப்பும் உண்டு. அந்தப் பக்கத்துக்கு டேவிட்சன் இன்னும் இடம் கொடுத்திருக்கலாம்.

சரி, எதில் தொடங்கலாம்? ஒன்றுமே தெரியாமல் வருகிறவர்கள் ‘பிளாக் மதர்’. கதையும் ஆதாரமும் ஒன்றாக ஓடும். பழைய நகரங்களில் ஆர்வம் என்றால் 1959 நூல். அரசியல் படிக்கிறவர்கள் நேராக 1992-க்குப் போகலாம். எதை எடுத்தாலும் கூடவே ஆப்பிரிக்க வரலாற்றாசிரியர்களையும் படியுங்கள். டேவிட்சன் வெளியிலிருந்து வந்தவர், அவர்களுடைய ஆய்வுகளின் தோளில் நின்றவர். புர்கினா ஃபாசோவின் ஜோசப் கி-செர்போ முதல் தொகுதியின் பதிப்பாசிரியராக இருந்த யுனெஸ்கோவின் எட்டுத் தொகுதி ஆப்பிரிக்கப் பொது வரலாறு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வாய்மொழி மரபை எப்படிச் சான்றாக எடுப்பது என்ற கட்டுரை அந்த முதல் தொகுதியில் இருக்கிறது, அதை முதலில் படித்துவிடுங்கள்.