தங்கை கொடுத்த பாட்டில்: 64 வயதில் ஹார்மோன் தொடங்கலாமா?

வணக்கம். இன்று நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக இருந்தேன். ஒன்றே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது. இரண்டு நாளாக என்னை விடாமல் சுற்றுகிற கேள்வி அது.

நகரியிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். வயது 64, என்னைவிட மூன்று வயது மூத்தவர், அதனால் அக்கா என்றே கூப்பிடுகிறேன். மாதவிடாய் நின்று 15 வருஷம் ஆகிறது. சென்னையில் இருக்கும் தங்கைக்கு 51 வயது. கர்ப்பப்பை எடுத்தவர். டாக்டர் எழுதிக் கொடுத்த ஹார்மோன் ஜெல்லைக் கையில் தடவுகிறார், அனல் அடிப்பது நின்று நிம்மதியாகத் தூங்குகிறார். பொங்கலுக்கு வந்தபோது, "நீயும் தடவு அக்கா, ஞாபக மறதிக்கும் நல்லதாம்" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அக்கா அதைத் திறக்காமல் பிரிட்ஜில் மல்லிகைப் பூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எனக்கு எழுதியிருக்கிறார். தடவலாமா?

சிரித்துவிட்டேன் அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். சேலையைக் கொடுப்பதுபோல உங்கள் தங்கை மருந்தைக் கொடுத்திருக்கிறார். அன்புதான். ஆனால் சேலைக்கு அளவு கிடையாது, மருந்துக்கு உண்டு.

தங்கைக்குக் கர்ப்பப்பை இல்லை, உங்களுக்கு இருக்கிறது. அந்த ஜெல்லில் இருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மட்டும். கர்ப்பப்பை உள்ள பெண் அதை மட்டும் தடவிவந்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். அது புற்றுநோயில்கூட முடியலாம். அதைத் தடுக்கத்தான் கூடவே புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனையும் கொடுக்கிறோம். ஆகவே அந்தப் பாட்டில் உங்களுக்கானதே இல்லை.

சரி, புரோஜெஸ்டிரோனையும் சேர்த்துக் கொடுத்தால் தொடங்கலாமா என்பீர்கள். இங்கேதான் நான் வழக்கமாகச் சொல்வதை மறுபடி சொல்லப் போகிறேன். வயதை மட்டும் எண்ணாதீர்கள், இடைவெளியை எண்ணுங்கள். கடைசி மாதவிடாய்க்கும் முதல் மருந்துக்கும் நடுவில் எத்தனை வருஷம்? பத்துக்குள் இருந்தால், வயதும் 60-க்குள் இருந்தால், தொந்தரவும் இருந்தால், பெரும்பாலானவர்களுக்கு நன்மையே அதிகம். பத்தைத் தாண்டினால் தராசு மறுபக்கம் சாயத் தொடங்கும்.

பழைய நேயர்கள் இப்போதே சிரிப்பீர்கள், தறிக் கதை வரப்போகிறது என்று. வரத்தான் போகிறது, அக்கா விசைத்தறி ஊரான நகரிக்காரர் ஆயிற்றே. என் உறவினர் வீட்டில் விசைத்தறிக் கொட்டகையைப் பன்னிரண்டு வருஷம் பூட்டி வைத்திருந்தார்கள். ஒருநாள் மகன் திறந்தான், எண்ணெயை ஊற்றினான், சுவிட்சைப் போட்டான். அரை மணி நேரத்தில் மோட்டார் புகைந்துவிட்டது. எண்ணெய் நல்ல எண்ணெய்தான். ஓடுகிற தறிக்கு விட்டிருந்தால் இன்னும் இருபது வருஷம் ஓடியிருக்கும். ரத்தக்குழாயும் அப்படித்தான். சுத்தமாக இருக்கும் குழாயில் ஈஸ்ட்ரோஜன் நல்லது செய்கிறது. கொழுப்பு படிந்துவிட்ட குழாயில் புதிதாகப் போய்ச் சேரும்போது அதே நன்மை கிடைப்பதில்லை, சிலருக்கு ரத்தம் உறைந்து ஆபத்தும் வருகிறது.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தினார்கள். ஹார்மோன் சாப்பிட்டவர்களில், 10,000 பெண்களுக்கு ஒரு வருஷத்தில் மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கும், பக்கவாதம் 8 பேருக்கும், மாரடைப்பு 7 பேருக்கும் கூடுதலாக வந்தது. இடுப்பு எலும்பு முறிவு 5 குறைந்தது. பத்திரிகைகள் முதல் பாதியைப் பெரிய எழுத்தில் போட்டன. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பது யார் கண்ணிலும் படவில்லை. அவர்கள் சாப்பிட்ட மாத்திரையின் ஈஸ்ட்ரோஜன், சினையாக இருக்கும் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்தது. முகத்தைச் சுளிக்காதீர்கள், அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பெரும்பாலோர் அதைத்தான் விழுங்கினார்கள்.

அன்று நானும் பயந்தேன். பள்ளிப்பட்டிலிருந்து 49 வயது ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். செய்தியைப் படித்த வாரமே அவருடைய மாத்திரையை நிறுத்தினேன். அடுத்த முறை வந்தபோது, "டாக்டர், வேர்வையைத் துடைக்கப் பாடத்தின் நடுவே கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கிறேன்" என்றார். 63 வயதுக்காரர்களின் ஆபத்தைக் கொண்டுபோய் 49 வயதுக்காரரின் தலையில் வைத்தேன். அது என் தவறு. பிறகு 2016-இல் வந்த இன்னொரு ஆய்வு, 643 பெண்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்த்தது. மாதவிடாய் நின்று 6 வருஷத்துக்குள் தொடங்கியவர்களுக்குக் கழுத்து ரத்தக்குழாய் தடிப்பது மெதுவானது. 10 வருஷம் கழித்துத் தொடங்கியவர்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. மருந்து ஒன்றே, இடைவெளிதான் வேறு.

ஞாபக மறதிக்கு நல்லது என்று தங்கை சொன்னாரே, அதற்கும் பதில் இருக்கிறது. 65 வயதைத் தாண்டி இரண்டு ஹார்மோனையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மறதி நோய் ஏறக்குறைய இரு மடங்கானது. அதற்காக இந்த மருந்தைத் தொடவே வேண்டாம்.

ஆனால் அக்கா, உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். "நீர்க்கடுப்பு அடிக்கடி வருகிறது, ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறேன், அது வயசுக்கோளாறு." முதல் வரியில் எழுதியிருக்க வேண்டியது அதுதான். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் பிறப்புறுப்பும் சிறுநீர்ப் பாதையும் வறண்டு போயிருக்கலாம். இரவில் பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது. ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும், 64-லும் தொடங்கலாம், 74-லும் தொடங்கலாம். இதற்கு நான் சொன்ன இடைவெளிக் கணக்கு கிடையாது. முதலில் சிறுநீரையும் சர்க்கரையையும் பரிசோதியுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவராக இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நான் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை. உங்கள் தங்கைக்கு எந்த வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள்? ஓவரியையும், அதாவது ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் சினைப்பையையும், சேர்த்து எடுத்தார்களா? 1960-இல் மாநில எல்லைக் கோடு போட்டுத் திருத்தணியைத் தமிழ்நாட்டுப் பக்கமும் நகரியை ஆந்திராப் பக்கமும் வைத்தார்கள், ஆனால் என்னிடம் இரண்டு பக்கத்துப் பெண்களும் வருகிறார்கள். 35, 38 வயதில் வெள்ளைப்படுதல் என்று போய்க் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர்! தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 50 வயதுக்குட்பட்ட பெண்களில் கர்ப்பப்பை எடுத்தவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 3 பேர்தான். ஆந்திராவில் 8 பேருக்கும் மேல். 38 வயதில் ஓவரியும் போனால் அன்றைக்கே மாதவிடாய்க் காலம் முடிந்துவிடுகிறது, எலும்பும் இதயமும் பல வருஷம் முன்னதாகவே முதுமைக்குப் போகின்றன. அப்படிப்பட்டவர்களுக்குத்தான், தடை ஏதும் இல்லையென்றால், 50 வயது வரையாவது ஹார்மோன் கொடுக்க வேண்டும். அவர்களிடம் சத்து மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பெண்களில் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், ஆபரேஷன் காகிதத்தைப் பரணிலிருந்து எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும்.

அக்கா, பாட்டிலைத் தங்கைக்கே திருப்பி அனுப்புங்கள். இத்தனை வருஷம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அடுத்த நாளே டாக்டரைப் பாருங்கள், காத்திருக்க வேண்டாம். புத்தூரிலிருந்து வந்த முழங்கால் கேள்வி அடுத்த வாரத்துக்குப் போகிறது.