கட்டாயப் பாட்டு இல்லாத குழு

நண்பர்களே, வணக்கம். இன்று நான் பேசப்போவது 'யோ லா டெங்கோ' என்ற அமெரிக்க ராக் குழுவைப் பற்றி. பெயரிலிருந்தே தொடங்குகிறேன். அழைப்பிதழைப் பார்த்து இது ஏதோ காய்ச்சலைப் பற்றிய பேச்சு என்று நினைத்ததாக வாசலில் ஒருவர் சொன்னார். 'யோ லா டெங்கோ' ஸ்பானிய மொழி. 'என் பந்து, நான் பிடிக்கிறேன்' என்பதற்குச் சொல்வது.

1962இல் நியூயார்க் மெட்ஸ் என்ற பேஸ்பால் அணி புதிதாகக் களமிறங்கியது. தோற்பதில் பேர் வாங்கிய அணி. அந்த ஒரு பருவத்தில் 120 ஆட்டங்களில் தோல்வி. அவர்களைப் பற்றி ஒரு கதை உண்டு. உயரப் பந்து வந்தால் ஆட்டக்காரர் ரிச்சி ஆஷ்பர்ன் 'என் பந்து' என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டே ஓடிவருவார். வெனிசுவேலாக்காரர் எலியோ சாக்கோனுக்கு ஆங்கிலம் புரியாது, அவரும் ஓடிவருவார். டமால்! சரி, அவர் மொழியிலேயே கத்துவோம் என்று ஆஷ்பர்ன் இந்த மூன்று சொல்லைப் படித்துக்கொண்டார். அடுத்த பந்து. 'யோ லா டெங்கோ!' சாக்கோன் மரியாதையாக ஒதுங்கினார். ஆஷ்பர்ன் கையை நீட்டினார். இன்னொரு பக்கமிருந்து ஓடிவந்த ஃபிராங்க் தாமஸ் அவரை இடித்துத் தள்ளினார். தாமஸுக்கு ஸ்பானியம் தெரியாது!

இந்தக் கூத்தையே பெயராக வைத்து 1984இல் நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் தொடங்கிய ராக் குழு இது. கிட்டாருக்கு ஐரா கேப்லன், டிரம்ஸுக்கு ஜார்ஜியா ஹப்லி. கணவன் மனைவி. பேஸ் கிட்டாருக்குத்தான் ஆள் நிற்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் மெக்நியூ வந்தார். அன்றிலிருந்து அதே மூவர்.

1997இல் வந்த ஆல்பத்தை விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். ஆனால் ஊரே முணுமுணுக்கிற மாதிரி ஒரு ஹிட்டு? கிடையாது. அதுதான் இவர்கள் அதிர்ஷ்டம் என்பது என் கட்சி. ஹிட்டு கொடுத்தவனுக்கு அந்தப் பாட்டைப் பாடாமல் மேடையை விட்டு இறங்க முடியாது. இவர்களுக்கு அந்தக் கடன் இல்லை. இன்று பாடிய வரிசை நாளைக்கு இருக்காது. 2011இல் மேடையில் ஒரு சக்கரத்தையே வைத்துச் சுழற்றினார்கள். முள் நின்ற இடம்தான் அன்றைய முதல் பாதி. டிவி நகைச்சுவைத் தொடர் ஒன்றை நடித்துக்காட்டுவதும் அதில் ஒரு கட்டம். டிக்கெட் வாங்கியவர்கள் அதையும் பார்த்தார்கள்!

நியூ ஜெர்சியில் டபிள்யூஎஃப்எம்யூ என்று நேயர்கள் காசில் ஓடும் வானொலி. நன்கொடை கொடுத்தால், நீங்கள் கேட்கும் பாட்டை இவர்கள் ஒத்திகை இல்லாமல் அங்கேயே வாசிப்பார்கள். சுருதி ஒரு பக்கம், வரிகள் ஒரு பக்கம் போகும். அந்தப் பதிவுகளைத் தொகுத்து 2006இல் ஆல்பமாகவே விட்டார்கள். தலைப்பு என்ன தெரியுமா? 'யோ லா டெங்கோ அருமையான பாட்டுகளைக் கொலை செய்கிறது'!

ஹோபோக்கனில் மேக்ஸ்வெல்ஸ் என்று ஓர் உணவகம். பின்னறையில் 200 பேர் நின்றாலே மூச்சு முட்டும். யூதர்களின் விளக்குத் திருநாளான ஹனுக்காவுக்கு எட்டு இரவு. 2001இல் அந்த எட்டு இரவும் அங்கே வாசிக்க ஆரம்பித்தார்கள். தங்களுக்கு முன்னால் யார் வாசிப்பார், யார் சிரிக்க வைப்பார் என்பதை மேடையேறும்வரை சொல்லமாட்டார்கள். வசூல் நற்பணிக்கு. 2013இல் மேக்ஸ்வெல்ஸ் மூடப்பட்டது. 2017இல் ஆற்றைத் தாண்டி நியூயார்க்கின் மன்ஹாட்டனில் மறுபடி எட்டு இரவு.

2023 ஆல்பத்துக்கு வெளித் தயாரிப்பாளர் கிடையாது; மூவரே பதிவு செய்தார்கள். முதல் பாட்டே ஏழு நிமிடத்துக்கு மேல். என் நேரம் முடிந்ததாகத் தலைவர் சைகை காட்டுகிறார். சவுண்ட் தம்பி, அதைப் போடுங்கள். நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.