மூன்று வரிச் செய்தியின் பயன்

நேயர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழக முன்னாள் மாணவர் சங்கங்கள் அனுப்பும் செய்திமடலை நம்மில் பலர் பிரித்துப் பார்ப்பதே இல்லை. பதவி உயர்வு, விருது, திருமணம், இரங்கல் என்று மூன்று நான்கு வரிகளில் வரும் துணுக்குகள் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், சங்கம் செய்யும் பணிகளில் அதிகப் பயன் தருவது அந்தத் துணுக்குப் பகுதிதான். ஆண்டு விழாவும் பொன்னாடையும் அதற்குப் பின்னரே.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரனோவெட்டர், புதிதாக வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம், ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ சந்தித்தவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். வேறொரு வட்டத்தில் புழங்குபவரிடம்தான் நம் காதுக்கு எட்டாத செய்தி இருக்கும். அத்தகைய தொடர்புக்குப் பழைய கல்லூரி நண்பரையே அவர் உதாரணம் காட்டினார். வேலைத் தொடர்புகளுக்கான சமூக வலைத்தளமான லிங்க்டுஇன்னில் சுமார் 2 கோடிப் பேரின் தரவுகளைக் கொண்டு நடத்தப்பட்டு, 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வும், நெருக்கமான தொடர்புகளைவிட ஓரளவு தளர்ந்த தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகின்றன என்று கண்டது.

ஆகவே துணுக்கை எப்படி எழுதுகிறோம் என்பது முக்கியம். “நம் சங்க உறுப்பினர் ஒருவர் புகழ்பெற்ற நிறுவனத்தில் உயர்பதவி ஏற்றுள்ளார்” என்று எழுதினால் வாழ்த்து மட்டுமே சொல்ல முடியும். “வேதியியல் படித்த இவர், குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்கிறார், இத்துறையில் நுழைய விரும்பும் மாணவர்கள் கேள்வி அனுப்பலாம்” என்று எழுதினால், வேதியியல் இறுதியாண்டு மாணவி ஒருத்திக்கு இப்படியொரு வேலை இருப்பதே அப்போதுதான் தெரியவரும். அவள் எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே தன் சுயவிவரத்தை இணைத்து வேலை கேட்பதைவிட, அந்தக் கூடத்தில் புதிதாகச் சேர்பவர் முதல் ஆண்டில் என்ன வேலை செய்கிறார், எந்தக் கருவியில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று இரண்டு கேள்விகள் கேட்பது நல்லது. கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் தயங்குவதில்லை. வேலை கேட்டால்தான் சங்கடப்படுகிறார்கள்.

சமூகப் பணிக்கும் இதே கதைதான். நன்கொடை வேண்டும் என்ற பொதுவான அறிவிப்பைவிட, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்க வந்த மாணவர்களுக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பித் தர வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குவோர் தேவை என்ற அறிவிப்புக்கு ஆள் கிடைக்கும். அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியில் 1821-இல் முன்னாள் மாணவர் சங்கம் தொடங்கியதும் குறிப்பான ஒரு தேவைக்காகத்தான். கல்லூரித் தலைவரே விலகி, மாணவர்களில் ஒரு பகுதியினருடன் வேறு கல்லூரிக்குப் போய்விட, மூடும் நிலைக்கு வந்த நிறுவனத்தைக் காக்கவே முன்னாள் மாணவர்கள் ஒன்றுகூடினார்கள். வெறும் மலரும் நினைவுகளுக்காகக் கூடியிருந்தால் அந்தச் சங்கம் இன்றுவரை நீடித்திருக்குமா என்பது சந்தேகமே.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நம் செய்திமடல்களில் வேலை இழந்தவரைப் பற்றியோ, குழந்தை வளர்ப்புக்காகப் பணியை விட்டு மீண்டும் திரும்ப விரும்புபவரைப் பற்றியோ ஒரு வரிகூட வருவதில்லை. வெற்றிச் செய்திகளுக்கு நடுவே தம் பெயர் எப்படித் தோன்றும் என்று அவர்கள் கூசுகிறார்கள். படித்த துறை, அனுபவம், தேடும் பணி ஆகியவற்றை மட்டும் அச்சிட்டு, பெயரையும் தொடர்பு விவரத்தையும் செயலாளரிடம் வைத்துக்கொள்ளும் ஒரு பகுதியை அடுத்த இதழிலேயே எந்தச் சங்கமும் தொடங்கலாம்.

நன்றி, வணக்கம்.