மைதானத்தில் ஈட், குதிரை மேல் எட்வர்ட்ஸ்

நண்பர்களே, இங்கிலாந்தில் குதிரைகள் வேலி தாண்டி ஓடும் புகழ்பெற்ற பந்தயம் கிராண்ட் நேஷனல். 1868-ஆம் ஆண்டு அதில் வென்ற குதிரையை ஓட்டியவர் யார் என்று பழைய பதிவேட்டைப் புரட்டினால் 'மிஸ்டர் எட்வர்ட்ஸ்' என்று இருக்கும். அந்தப் பெயரில் வந்தவர் ஜார்ஜ் மேத்யூஸ் ஈட். ஹாம்ப்ஷயர் கவுண்டி கிரிக்கெட் அணியின் முதல் கேப்டன் அவர்தான்.

பந்தயப் பட்டியலில் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' இருந்தால் கூலி வாங்காமல் ஓட்டுகிறவர், வெறும் பெயராக இருந்தால் தொழில்முறை ஜாக்கி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் சிலர் அதிலும் புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். எல்லாம் ஊரறிந்த ரகசியம்தான்.

ஈட் 1834-இல் ஹாம்ப்ஷயரின் இட்சன் என்ற ஊரில் பிறந்தார். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். கூடப் பிறந்த எட்வர்டும் கிரிக்கெட் ஆடியவர். ஈட்டன் பள்ளிப் படிப்பு. 1863 ஆகஸ்டில் சவுத்தாம்ப்டனில் ஹாம்ப்ஷயர் கிளப் உருவாயிற்று. அதே வருஷம் அக்டோபரில்தான் லண்டனில் கால்பந்துச் சங்கம் கூடியது. விளையாட்டுக்கெல்லாம் சங்கமும் சட்டமும் எழுதிய காலம் அது. 1864 ஜூலையில் சசெக்ஸுக்கு எதிராக ஹாம்ப்ஷயர் தன் முதல் ஆட்டத்தை ஆடியது. தோளுக்கு மேல் கையைத் தூக்கிப் பந்து வீசலாம் என்று சட்டம் அனுமதித்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஓவருக்கு நாலு பந்து. ஈட்டின் பேட்டிங் சுமார்தான். அதை மிகைப்படுத்த வேண்டியதில்லை. அவருடைய உண்மையான திறமை குதிரை மேல் இருந்தது.

பென் லேண்ட் என்ற அனுபவஸ்தரிடம் முறையாகக் கற்றுக்கொண்ட திறமை அது. கிராண்ட் நேஷனல் என்றால் லிவர்பூலை ஒட்டிய எயின்ட்ரீயில் இரண்டு சுற்று, நாலு மைலுக்கு மேல், ஏறக்குறைய முப்பது தாண்டல். வேலியின் உயரத்தைவிட, 'பீச்சர்ஸ் புரூக்' என்ற வேலி போன்ற இடங்களில் இறங்கும் பக்கத்துத் தரை தாழ்ந்திருப்பதுதான் ஆபத்து. குதிரை தான் நினைத்ததைவிடக் கீழே போய்த் தரையைத் தொடும். முன்கால் மடங்கி மூக்கு தரையில் இடிக்கும். ஓட்டுகிறவர் முன்னால் சாய்ந்திருந்தால் கழுத்தைத் தாண்டிப் போய் விழுவார். ஆகவே அந்தக் காலத்து ஓட்டிகள் அங்கவடியை (கால் வைக்கும் வளையத்தை) நீளமாக விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, இறங்கும்போது முதுகைப் பின்னால் சாய்ப்பார்கள். கடிவாள வாரை விரல்களுக்கிடையே நழுவவிட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் குதிரையால் கழுத்தை நீட்டிச் சமாளிக்க முடியாது. தரையைத் தொட்டதும் நழுவிய வாரை மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும், அடுத்த வேலி வருவதற்குள். தாமதித்தால் குதிரை தன் இஷ்டத்துக்குத் தாண்டும்.

1868-இல் அவர் ஓட்டியது லார்ட் புலெட்டின் 'தி லாம்ப்'. அயர்லாந்தில் பிறந்த சாம்பல் நிறக் குதிரை. தோள் உயரம் ஐந்தடிக்குச் சற்றே மேல், பந்தயக் குதிரைக்கு இது பொடிசு. சுமக்க வேண்டிய எடை 10 ஸ்டோன் 7 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 67 கிலோ. ஆளையும் சேணத்தையும் சேர்த்து நிறுப்பார்கள். குறைந்தால் ஈயத்தகடு வைப்பார்கள். ஓடி முடித்து வந்ததும் மறுபடி நிறுக்க வேண்டும். இருபத்தொரு குதிரைகள் ஓடின. 'பேர்ல் டைவர்' கடைசிவரை விடவில்லை. லாம்ப் இரண்டு குதிரை நீளத்தில் ஜெயித்தது.

1870 மார்ச் 9 அன்று 'தி கர்னல்' மேல் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் தன் ஐந்தாவது நேஷனலை வென்றார். மறுநாள் அதே மைதானத்தில் செஃப்டன் பந்தயம். ஈட் ஏறியது 'சிப்பனம்' என்ற குதிரை. சரியாகத் தாண்டாது என்று பேர் வாங்கியது; ஏறாதே என்று நண்பர் தடுத்ததாகச் சொல்வார்கள். சாதாரணமாகக் குதிரை இடறினால் ஓட்டி முன்னால் தூக்கி எறியப்பட்டு உருண்டு தப்பிவிடுவார். முன்கால் வேலியில் மாட்டிக்கொண்டால் பின்பக்கம் மேலே எழும்பிக் குதிரையே குட்டிக்கரணம் போடும். ஓட்டிக்கு விலக நேரமே கிடையாது. நானூற்றைம்பது கிலோவும் அவர் மேல்தான் வந்து இறங்கும். சிப்பனமும் அவர் மேலேயே உருண்டது. மார்ச் 13 அன்று இறந்தார். வயது 35. தலையில் அப்போதெல்லாம் பட்டுத் தொப்பிதான். உள்ளே கெட்டிக் கவசம் கட்டாயமானது 1924-இல்தான். கவசம் இருந்திருந்தாலும், மேலே உருளும் குதிரைக்கு அது பதில் இல்லை.

ஸ்டீவன்ஸின் கதை இன்னும் விசித்திரம். ஐந்து நேஷனல் ஜெயித்தவர், அடுத்த வருஷம் சவாரிக் குதிரையில் வீட்டுக்குப் போகிற வழியில் விழுந்து செத்தார்.

லாம்புக்கு வேறு ஆள் தேடினார் புலெட். அது ஜெயிப்பதாகக் கனவு கண்டேன், நீங்கள் மேலே இருந்தீர்கள் என்று 'மிஸ்டர் தாமஸ்' என்ற ஓட்டிக்கு 1870 டிசம்பரில் கடிதம் எழுதி அவரையே அமர்த்தினார். இதுவும் புனைபெயர். நிஜத்தில் தாமஸ் பிக்கர்னெல். 1871-இல் லாம்ப் 11 ஸ்டோன் 5 பவுண்டு சுமந்து மறுபடி வென்றது. ஜெயிக்கிற குதிரைக்கு எடை ஏற்றுவதுதான் ஹேண்டிகேப் முறை. 1872-இல் 12 ஸ்டோன் 7 பவுண்டு, கிட்டத்தட்ட 79 கிலோ, ஏற்றினார்கள். அந்தப் பொடிக்குதிரை அப்படியும் நாலாவதாக வந்தது. அதே வருஷம் ஜெர்மனியின் பாடன்-பாடன் பந்தயத்தில் கால் முறிந்ததால் அதைச் சுட வேண்டியதாயிற்று.